குழந்தை எடை கம்மின்னு உடனே எடுக்கச் சொல்ற ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்க டவுன்ல நான் அட்மிட் ஆகியிருந்த தனியார் ஆஸ்பத்திரியோட நிர்வாகத்துக்கும், அங்க பிரசவம் பார்க்கிற டாக்டர் மேடத்துக்கும், திண்டுக்கல் மாவட்டத்துல இதே வேலைய பார்க்கிற மத்த டாக்டர்களுக்கும், இந்த ஆஸ்பத்திரிகளை கண்காணிக்க வேண்டிய நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீசுக்கும்,

குழந்தை எடை கம்மினு சொல்லி என்னை 34 வாரத்துலயே அட்மிட் பண்ணி பிரசவம் பார்த்துடலாம்னு அவசரப்படுத்துனத பத்தி நான் எழுதிக் குடுத்த புகாருக்கு உங்க ஆஸ்பத்திரில இருந்து போன வாரம் பதில் வந்துச்சு. நாலே வரி. ‘நோயாளியின் நலன் கருதி நடைமுறைப்படியே ஆலோசனை வழங்கப்பட்டது, நோயாளி தன் சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறினார்’னு இருக்கு. நான் கேட்ட எதுக்கும் அதுல பதில் இல்ல. எனக்கு போட்ட ஊசி என்ன ஊசினு கேட்டேன், இல்ல. குழந்தைக்கு ரத்தம் ஒழுங்கா போகுதானு பார்க்கிற டாப்ளர் ஸ்கேன ஏன் பார்க்கலனு கேட்டேன், இல்ல. பச்சக் குழந்தைக்கு ஐசியூவே இல்லாத இடத்துல 34 வாரத்துக் குழந்தைய எடுக்கலாம்னு எப்படி முடிவு பண்ணீங்கனு கேட்டேன், அதுக்கும் இல்ல. என் ரெக்கார்டோட ஜெராக்ஸ் கேட்டதுக்கு ஒரு வார்த்தை கூட இல்ல. அதனாலதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன். ஆஸ்பத்திரி பேர் போடல, மேடம் பேரும் போடல. எனக்கு ஒருத்திக்கு மட்டும் நடந்ததுன்னா அந்த நாலு வரியோட நானும் விட்டிருப்பேன், ஆனா எங்க தெருவுலயும் சொந்தத்துலயும் விசாரிச்சா வீட்டுக்கு ஒருத்தர் இதே கதைய சொல்றாங்க.

நடந்தத சொல்லிடறேன். முதல் குழந்தை எனக்கு. 34 வாரத்துல வெளிய இருக்கிற ஸ்கேன் சென்டர்ல க்ரோத் ஸ்கேன் எடுத்துட்டு ரிப்போர்ட்டோட சாயங்காலம் ஓபிக்கு வந்தேன். குழந்தை எடை 1.85 கிலோனும், 10 பெர்சன்டைலுக்கு கீழனும் போட்டிருந்துச்சு, அதாவது அதே வாரத்துக் குழந்தைங்கள்ல எடையில கடைசி பத்து சதவீதம். மேடம் ரிப்போர்ட்ட ஒரு தடவை புரட்டிட்டு ‘குழந்தைக்கு க்ரோத் இல்லம்மா, தண்ணியும் கம்மியா இருக்கு, உள்ள வச்சிருந்தா ரிஸ்க், இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க, ஊசி போட்டு ரெண்டு நாள்ல எடுத்துடலாம்’னு சொன்னாங்க. எனக்கு கை கால் எல்லாம் நடுங்க ஆரம்பிச்சிருச்சு. ஏன் வளரல, எவ்ளோ ரிஸ்க், இப்ப எடுத்தா குழந்தைக்கு என்ன ஆகும்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. ‘அதெல்லாம் சொன்னா உங்களுக்கு புரியாதுங்க, லேட் பண்ணா நாங்க பொறுப்பில்ல’னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டுட்டாங்க. வெளிய அம்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க, மேடத்துக்கு நேரம் இல்லங்கிறது எனக்கும் தெரியும். ஆனா ஒரு குழந்தைய ஆறு வாரம் முன்னாடி வெளிய எடுக்கிற முடிவு அது, அத சொல்றதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கூட கிடைக்காதா.

வார்டுல படுக்க வச்சதும் டிரிப் ஏத்துனாங்க. அமினோ ஆசிட், குழந்தை எடை ஏறும்னு சொன்னாங்க. கூடவே ஒரு பெரிய டப்பா புரோட்டீன் பவுடரும் தண்ணி ஏறுறதுக்குனு சாஷே பாக்கெட்டும் ஆஸ்பத்திரி மெடிக்கல்ல வாங்கச் சொன்னாங்க. இந்த டிரிப்பாலயும் பவுடராலயும் உள்ள இருக்கிற குழந்தையோட எடை ஏறும்னு உறுதியான ஆதாரம் இல்லைனு பின்னாடி தெரிஞ்சுகிட்டேன். அதுவும் ரெண்டு நாள்ல எடுக்கப்போற குழந்தைக்கு இந்த டிரிப் எதுக்குனு இப்ப வரைக்கும் எனக்கு விளங்கல. ராத்திரி ஒரு சிஸ்டர் வந்து இடுப்புல ஒரு ஊசி போட்டுட்டு போனாங்க, என்னனு கேட்டதுக்கு ‘நுரையீரல் ஊசி’னாங்க, சீக்கிரம் பிறக்கப்போற குழந்தையோட நுரையீரல் பக்குவப்படறதுக்கு அம்மாவுக்கு போடுற ஸ்டீராய்டு ஊசி அது. சம்மதமானு கேட்கல, சீட்டுல எழுதவும் இல்ல.

தூக்கம் வராம அந்த ஸ்கேன் ரிப்போர்ட்ட திருப்பித் திருப்பி படிச்சுட்டு இருந்தேன். ரெண்டாவது பக்கத்துல கடைசியில, ஸ்கேன் டாக்டரோட கையெழுத்துக்கு மேல, பொடி எழுத்துல ஒரு வரி இருந்துச்சு, ‘டாப்ளர் பார்க்கவும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வளர்ச்சி ஸ்கேன் எடுக்கவும்’னு. இங்கிலீஷ்ல இருந்ததால முதல்ல கவனிக்கல. அந்த வரிய போட்டோ எடுத்து நர்சிங் படிச்ச எங்க சித்தி பொண்ணுக்கு அனுப்புனேன். அவ உடனே போன் பண்ணி, ‘அக்கா, டாப்ளர் பார்த்தாங்களா, பார்க்காம ஒண்ணும் முடிவு பண்ணாத’னா. ஸ்கேன் பார்த்த டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, ஆனா அத பார்க்கல, பார்க்கணும்னு எங்ககிட்ட சொல்லவும் இல்ல. மேடம், அந்த வரிய நீங்க படிச்சீங்களா இல்லையாங்கிறதுதான் என்னோட முதல் கேள்வி. உங்க பதில் லெட்டர்ல இதுக்கு ஒரு எழுத்து இல்ல.

காலைல சிஸ்டர்கிட்ட, குழந்தை பிறந்ததும் இங்கயே பார்த்துக்குவீங்களானு கேட்டேன். ‘சின்னக் குழந்தைன்னா வெளிய அனுப்பிடுவோம்க்கா, மதுரைல ஒரு ஆஸ்பத்திரியோட டையப் இருக்கு, ஆம்புலன்ஸ் நாங்களே சொல்லிடுவோம், ஒரு நாளைக்கு பத்தாயிரம் பக்கம் வரும்’னு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. எனக்கு அப்பதான் பயம் வேற மாதிரி ஆச்சு. அதாவது என்னை இங்க ஆபரேஷன் பண்ணிட்டு, ரெண்டு கிலோ கூட இல்லாத குழந்தைய ராத்திரியோ பகலோ ரோட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல தூக்கிட்டு போயி வேற ஆஸ்பத்திரில சேர்ப்பீங்க, நான் இங்க தையலோட படுத்திருப்பேன், குழந்தை அங்க தாய்ப்பால் இல்லாம இருக்கும். வயித்துல இருக்கும்போதே என்னை அங்க அனுப்பினா குழந்தைக்கு குளிரும் அடிக்காது, சுகரும் இறங்காது, மூச்சும் திணறாது. குழந்தை டாக்டர்கள் எல்லாரும் இத சொல்றாங்க. உயிருக்கு அவசரம்னா பரவால்ல, ரெண்டு நாள் கழிச்சு எடுக்கிறதுன்னா அது அந்த மாதிரி அவசரம் இல்லையே. அந்த ரெண்டு நாள்ல என்னை எங்க வேணா அனுப்பியிருக்கலாமே.

அப்புறம் பார்ம். நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ், நடுவுல கோடு போட்டு காலியா விட்டிருந்துச்சு, ‘சும்மா பார்மாலிட்டிதான், கையெழுத்து போடுங்க’னு என் வீட்டுக்காரர்கிட்ட நீட்டுனாங்க, என்கிட்ட நீட்டக் கூட இல்ல. 2008ல சமீரா கோலி வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு, ஒரு சிகிச்சைக்கு சம்மதம் வாங்கணும்னா அது என்ன, எதுக்கு, வேற வழி என்ன இருக்கு, செஞ்சா என்ன ரிஸ்க், செய்யலன்னா என்ன ரிஸ்க்னு நோயாளிக்கு புரியற மாதிரி சொல்லிட்டுத்தான் வாங்கணும்னு. என் வயித்த கிழிக்கிறதுக்கு என்கிட்ட கேட்கணும். அவர் கையெழுத்து போடல. நாங்க வேற இடத்துல பார்க்கிறோம்னு சொன்னதும் எல்லாரோட பேச்சும் மாறிடுச்சு, ‘குழந்தைக்கு எதாச்சும் ஆனா உங்க பொறுப்பு’னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டுத்தான் விட்டாங்க. டிஸ்சார்ஜ் சீட்டுல அந்த ஊசி பேரும் இல்ல, போட்ட நேரமும் இல்ல.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போனோம். அங்கயும் கூட்டம்தான், உட்கார இடம் இல்ல, ஒரு பெட்டுல ரெண்டு பேர். பொய் சொல்லி பெருமைப்படுத்த வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. ஆனா அங்க மேற்படிப்பு படிக்கிற பிஜி டாக்டர் பொண்ணு, என் வயசுதான் இருக்கும், முதல்ல கேட்டது என்னோட 12 வாரத்து ஸ்கேன. ஏன்னா குழந்தை சின்னதுனு சொல்றதுக்கு முன்னாடி வாரக்கணக்கு சரியானு பார்க்கணுமாம், முதல் மூணு மாசத்துல தலையில இருந்து புட்டம் வரைக்கும் அளக்கிற அளவுதான் தேதிக்கு ரொம்ப நம்பகமானதாம். உங்க பைல்ல 34 வார ஸ்கேன்ல மிஷின் காட்டுன 31 வாரம் 5 நாள்ங்கிறத வச்சு எனக்கு புதுசா ஒரு பிரசவ டேட் எழுதியிருந்தீங்க. அவங்க அத அடிச்சுட்டு பழைய டேட்டயே எழுதுனாங்க. கடைசி மூணு மாசத்துல தேதிய மாத்துனா சின்னதா இருக்கிற குழந்தை கூட கணக்குல சரியான சைஸாதான் தெரியும், ஆபத்துல இருக்கிற குழந்தைய அப்படியே கோட்டை விட்டுருவோம்னு சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரே பைல்ல குழந்தை சின்னதுனும் எழுதியிருக்கீங்க, அந்த சின்னத மறைக்கிற தேதியும் எழுதியிருக்கீங்க.

அப்புறம் டேப் வச்சு வயித்த அளந்தாங்க. பிபி பார்த்தாங்க, யூரின்ல புரோட்டீன் போகுதானு பார்த்தாங்க. என் உயரத்தையும் எங்க வீட்டுக்காரர் உயரத்தையும் கேட்டாங்க, நான் அஞ்சடி கூட இல்ல. தண்ணி அளவு 8 செ.மீ., அத கம்மினு சொல்லமாட்டோம், 5க்கு கீழ போனாத்தான் கம்மினு சொன்னாங்க. அன்னைக்கே டாப்ளர். பார்த்து முடிச்சதும் என் ஓபி சீட்டோட பின்பக்கத்துல பேனாவால வரிசையா மேடு பள்ளமா ஒரு படம் போட்டு காட்டுனாங்க. ‘இந்த மேடு குழந்தையோட இதயம் துடிக்கும்போது தொப்புள் கொடியில ரத்தம் பாயறது, இந்த பள்ளம் ரெண்டு துடிப்புக்கு நடுவுல. நடுவுலயும் ரத்தம் நஞ்சுக்கொடிய பார்த்து முன்னாடி போயிட்டே இருக்கணும். அது கம்மியானா நாங்க அடிக்கடி பார்ப்போம், சுமாரா 37 வாரத்துல எடுப்போம். நடுவுல ஓட்டமே நின்னுட்டா 33, 34 வாரத்துக்கு மேல வைக்கமாட்டோம். திரும்பி பின்னாடி வர ஆரம்பிச்சா 30, 32 வாரம்னா கூட எடுத்துத்தான் ஆகணும். உங்களுக்கு இப்ப ஓட்டம் நல்லா இருக்கு.’ இதுதான் அவங்க சொன்னது. எட்டாவது வரைக்கும் படிச்ச எங்க அத்தை பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தாங்க, அவங்களுக்கும் புரிஞ்சது. புரியாதுனு சொன்னீங்களே மேடம், புரிஞ்சது. அந்த சீட்டு இப்பவும் என்கிட்ட இருக்கு.

அந்த பிஜி டாக்டருக்கு புரியாம போனது ஒண்ணே ஒண்ணுதான், எனக்கு என்ன ஊசி போட்டாங்கங்கிறது. பீட்டாமெத்தசோனா, டெக்சாமெத்தசோனா, எத்தனை மணிக்கு, எவ்ளோ டோஸ்னு கேட்டாங்க. ஒண்ணு ஒரு நாள் இடைவெளியில ரெண்டு ஊசி, இன்னொண்ணு 12 மணி நேரத்துக்கு ஒண்ணா நாலு ஊசி. எதுனு தெரியாம மிச்சத்த போடுறதா வேண்டாமானு அவங்க குழம்புனாங்க. போன் பண்ணி கேட்டதுக்கு உங்க ரிசப்ஷன்ல ‘மேடம் இல்ல’னு வச்சுட்டாங்க. அந்த ஊசியோட பலன் போட்ட ஒரு வாரத்துக்குள்ள பிரசவம் ஆனாத்தான் ரொம்ப கிடைக்குமாம், அதனால கண்ட நேரத்துல போடுற ஊசி இல்ல அது. ரெக்கார்ட் கேட்கிறது உங்க மேல கேஸ் போடனு நினைச்சுட்டீங்க போல, என் குழந்தைக்கு அடுத்த டாக்டர் வைத்தியம் பார்க்கிறதுக்கு அது தேவைப்பட்டுச்சு.

அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை டாப்ளரும் குழந்தையோட துடிப்பும் பார்த்தாங்க. அசைவு வழக்கத்த விட கம்மியாத் தெரிஞ்சா ராத்திரி ஆனாலும் வந்துடணும்னு திரும்பத் திரும்ப சொன்னாங்க. 36 வாரத்துல எடை 2.1 கிலோ. அந்த சமயத்துல வாரத்துக்கு 200 கிராமாச்சும் ஏறணும், என் குழந்தை ரெண்டு வாரத்துக்கு 250 கிராம்தான் ஏறியிருந்துச்சு, கொடியில ரத்த ஓட்டமும் கொஞ்சம் குறைய ஆரம்பிச்சிருச்சு. இப்ப காத்திருக்கிறதுல லாபம் இல்ல, 37 முடிஞ்சதும் எடுத்துடலாம்னு உட்கார வச்சு சொன்னாங்க. வலி வர மருந்து வச்சாங்க, நடுவுல துடிப்பு இறங்குச்சு, ஆபரேஷன்லதான் முடிஞ்சது. அதுல எனக்கு எந்த குறையும் இல்ல, ஏன்னா ஒவ்வொண்ணையும் செய்யறதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்னாங்க. பொண்ணு 2.2 கிலோ. குதிகால்ல குத்தி குத்தி சுகர் பார்த்தாங்க, பாவமாத்தான் இருந்துச்சு. துணியில கட்டி என் நெஞ்சோட நெஞ்சா வச்சிருக்கச் சொன்னாங்க, எங்க வீட்டுக்காரரும் சட்டைய கழட்டிட்டு வச்சுகிட்டாரு. இப்ப நல்லா இருக்கா.

இதனால காத்திருந்தா எல்லாம் சரியாயிடும், சீக்கிரம் எடுக்கச் சொல்ற டாக்டர் எல்லாரும் காசுக்காக சொல்றாங்கனு நான் எழுதுறதா யாரும் எடுத்துக்காதீங்க. எங்க பெரியம்மா மருமகளுக்கு நேர் எதிரா நடந்துச்சு. அவ போன இடத்துல ஒவ்வொரு மாசமும் ‘குழந்தை கொஞ்சம் சின்னதா இருக்கு, நல்லா சாப்பிடு’னு மட்டும் சொல்லி அனுப்பிட்டே இருந்தாங்க. டாப்ளர் பார்க்கல, எடை எவ்ளோ ஏறியிருக்குனு பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிட்டும் பார்க்கல. ஒன்பதாவது மாசம் ஒரு நாள் அசைவு கம்மியா இருந்துச்சு, உடனே வரணும்னு அவளுக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்கல, விடிஞ்சதும் போகலாம்னு இருந்துட்டா. போனப்ப துடிப்பு இல்ல. அவளுக்கு சீக்கிரம் எடுத்திருக்கணும். அந்த குழந்தைய 36 வாரம் வரைக்கும் விட்டதே அதிகம். என்னை அவசரமா எடுக்கச் சொன்னதுக்கும் அவளை அப்படியே விட்டதுக்கும் காரணம் ஒண்ணுதான், ரெண்டு இடத்துலயும் எடைங்கிற அந்த ஒரே நம்பரத்தான் பார்த்தாங்க, உள்ள குழந்தைக்கு ரத்தம் ஒழுங்கா போகுதானு பார்க்கவே இல்ல. அவ இன்னமும் தான் சரியா சாப்பிடாததாலதான் குழந்தை போச்சுனு நினைச்சுட்டு இருக்கா. நஞ்சுக்கொடி சரியா வேலை செய்யாததுக்கு அவ சாப்பாடு காரணம் இல்லம்மானு எந்த டாக்டரும் அவகிட்ட சொல்லல, நான்தான் சொல்லிட்டு இருக்கேன், என் பேச்ச அவ நம்பமாட்டேங்கிறா.

10 பெர்சன்டைல்னா என்னனு எங்களுக்கு சொன்னா என்ன குறைஞ்சிடும்? ஒரே வாரத்துக் குழந்தைங்க நூறு பேர எடை வாரியா நிறுத்துனா கடைசி பத்து பேர்ல ஒண்ணு, அவ்வளவுதான். அந்த பத்துல நிறைய குழந்தைங்க அப்பா அம்மா மாதிரியே குட்டையா, ஆரோக்கியமா இருக்கிறதுங்க. சிலதுதான் உண்மையிலேயே ரத்தம் பத்தாம வளர்ச்சி நின்னது. அந்த சிலத கண்டுபிடிக்கத்தான் டாப்ளரும் மறு ஸ்கேனும். இதுல ஸ்கேன்ல வர்ற எடையே ஒரு கணக்குதான், தலை, வயிறு, தொடை எலும்ப அளந்து பார்முலாவுல போடுறது, அதுல 10, 15 சதவீதம் முன்ன பின்ன வரும். என்னோட 1.85ங்கிறது 1.6 ஆவும் இருக்கலாம், 2.1 ஆவும் இருக்கலாம். 2.1னா அது 10 பெர்சன்டைலுக்கு மேல போயிடுது, சின்னக் குழந்தையே இல்ல.

எப்ப எடுக்கிறதுங்கிறதுல பெரிய பெரிய டாக்டர்களுக்கே சந்தேகம் இருந்திருக்கு. கிரிட்னு ஒரு ஆராய்ச்சி, ஐரோப்பாவுல 13 நாட்டு ஆஸ்பத்திரிகள்ல நடந்தது, 24ல இருந்து 36 வாரத்துக்குள்ள எடுக்கலாமா வேண்டாமானு டாக்டருக்கே உறுதியா தெரியாத கேஸா எடுத்து, பாதி பேருக்கு உடனே எடுத்தாங்க, பாதி பேருக்கு தள்ளிப் போட்டாங்க. உடனே எடுத்ததுல வயித்துக்குள்ள இறந்தது கம்மி, ஆனா பிறந்த பிறகு இறந்தது ஜாஸ்தி, கூட்டிப் பார்த்தா ரெண்டும் ஏறக்குறைய சமம். நெதர்லாந்துல 36 வாரத்துக்கு மேல இருந்த 650 பேர வச்சு இன்னொண்ணு, டிஜிடாட்னு பேர், 2010ல வெளிவந்துச்சு. வலி வர வச்சு சீக்கிரம் எடுத்தவங்களுக்கும் கண்காணிச்சுட்டு காத்திருந்தவங்களுக்கும் குழந்தையோட நிலைமையில பெரிய வித்தியாசம் இல்ல, சிசேரியனும் ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான். கண்காணிச்சுட்டுங்கிறத கவனிங்க, சும்மா வீட்டுக்கு அனுப்பிட்டு காத்திருக்கல. இவ்ளோ நுணுக்கமான விஷயத்த எங்ககிட்ட ‘லேட் பண்ணா பொறுப்பில்ல’ங்கிற ஒரே வாக்கியமா சுருக்கிட்டீங்களே, அதுதான் எனக்கு தாங்கல.

34 வாரத்துல பிறக்கிற குழந்தைக்கு மூச்சு விடுறது, பால் உறிஞ்சறது, உடம்பு சூடு தாங்குறது, மஞ்சக்காமாலை, சுகர் இறங்குறது எல்லாமே சிக்கல்தான். அந்த வாரத்துல மூளையோட எடை முழு மாசக் குழந்தையோட மூளையில மூணுல ரெண்டு பங்குதான் இருக்கும். தேவைன்னா எடுக்கத்தான் வேணும், நாங்க தடுக்கல. ஆனா அந்த மூணு வாரத்த என் பொண்ணுகிட்ட இருந்து எடுக்கிறதுக்கு முன்னாடி அது தேவையானு பார்த்திருக்கணும்ல. எங்க அத்தை ‘ஏழுல பொறந்தாலும் பொழைக்கும், எட்டுல பொறந்தா தங்காது’னு அழுதாங்க. அது தப்பான நம்பிக்கை, வயித்துல ஒவ்வொரு வாரம் கூடக் கூட குழந்தைக்கு பலம் கூடத்தான் செய்யும். அத எடுத்துச் சொல்லி அவங்க பயத்த போக்கறதுக்கும் உங்க ஆஸ்பத்திரில ஒருத்தரும் இல்ல. ஆனா ஆபரேஷனுக்கு நல்ல நேரம் குறிச்சுட்டு வாங்கனு சொல்றதுக்கு மட்டும் ஆள் இருந்தாங்க.

2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டு தனியார் ஆஸ்பத்திரிகள்ல நூறு பிரசவத்துல 64 கிட்ட சிசேரியன்னு இருக்கு, அரசு ஆஸ்பத்திரில 36. இந்த வித்தியாசம் முழுக்க அநியாயம்னு நான் சொல்லல. ஆனா இந்த நம்பரும் ‘குழந்தை சின்னதா இருக்கு, உடனே எடுத்துடலாம்’ங்கிற வார்த்தையும் ஒண்ணா காதுல விழும்போது எங்களுக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். சந்தேகம் வந்தா உண்மையிலேயே அவசரமான நேரத்துல கூட ஜனங்க டாக்டர் பேச்ச கேட்கமாட்டாங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா சாகப்போறது குழந்தைங்கதான்.

அதனால நான் கேட்கிறது இதுதான். முதல்ல ஆஸ்பத்திரிக்கு. என்னோட முழு ரெக்கார்டும் எனக்கு வேணும், அந்த ஊசி பேர், டோஸ், நேரம், துடிப்பு பார்த்த பேப்பர் சுருள் உட்பட. கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதியிலயே இருக்கு, நான் கேட்டு மாசக்கணக்காச்சு. ஸ்கேன் டாக்டர் டாப்ளர் பார்க்கச் சொல்லி எழுதுன வரிய ஏன் விட்டீங்கனு எழுத்துல பதில் வேணும். பச்சக் குழந்தை ஐசியூ இல்லாத உங்க இடத்துல, தாயோட உயிருக்கோ குழந்தையோட உயிருக்கோ அந்த நிமிஷமே ஆபத்து இல்லாத பட்சத்துல, 37 வாரத்துக்கு முன்னாடி பிரசவம் திட்டம் போடுறத நிறுத்துங்க. அம்மாவ முன்னாடியே அனுப்புங்க, ஊசி சீட்டோட, ரிப்போர்ட்டோட, அங்க இருக்கிற டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டு அனுப்புங்க. வேற டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கிறோம்னு சொன்னா பொறுப்பில்லனு எழுதி வாங்குறத விடுங்க.

டாக்டர்களுக்கு. குழந்தை சின்னதுனு சொல்ற அன்னைக்கே நாலு விஷயம் தமிழ்ல சொல்லிடுங்க: தேதி எந்த ஸ்கேன வச்சு கணக்கு போட்டிருக்கு, போன தடவைக்கு இந்த தடவை எவ்ளோ ஏறியிருக்கு, டாப்ளர் என்ன சொல்லுது, இப்ப எடுத்தா என்ன, காத்திருந்தா என்ன. ஓபில நேரம் இல்லன்னா அந்த மேடு பள்ளப் படத்த அச்சடிச்சு வச்சுகிட்டு ஒரு சிஸ்டர விட்டு சொல்லச் சொல்லுங்க. சம்மதத்த பொண்ணுகிட்ட கேளுங்க, தமிழ் பார்ம்ல கேளுங்க. சாப்பிடலனு அவ மேல பழி போடாதீங்க. அசைவு குறைஞ்சா அன்னைக்கே வரணும்னு ஒவ்வொரு விசிட்லயும் சொல்லுங்க, சொல்லிட்டு வந்தா ‘சும்மா பயந்துட்டு வந்துட்டியா’னு திட்டாதீங்க.

இணை இயக்குநர் ஆபீசுக்கு. தாய் சேய் நல அட்டையில எடை ஏத்தத்தையும் டாப்ளரையும் எழுத தனியா ஒரு பக்கம் போடுங்க, அரசுகிட்ட கர்ப்பத்த பதிவு பண்ணி பிக்மி நம்பர் வாங்குற அன்னைக்கே அந்த அட்டை எல்லார் கைக்கும் வரணும், தனியார்ல பார்க்கிறவங்களும் அதுல எழுதியே ஆகணும்னு உத்தரவு போடுங்க. கிராம சுகாதார செவிலியர் எல்லார்கிட்டயும் டேப் இருக்கானு பாருங்க, வயிறு வாரக்கணக்குக்கு ஏத்த மாதிரி வளரலன்னா அவங்களே நேரா சீமாங்க் மையத்துக்கு (அவசர பிரசவமும் பச்சக் குழந்தை சிகிச்சையும் பார்க்கிற அரசு மையம்) அனுப்புறதுக்கு அதிகாரம் குடுங்க. எடை கம்மினு காரணம் காட்டி 37 வாரத்துக்கு முன்னாடி எடுத்த ஒவ்வொரு பிரசவத்துக்கும் டாப்ளர் பார்த்தாங்களா, பிறந்த எடை எவ்ளோ, குழந்தைய எங்க அனுப்புனாங்கனு ஆஸ்பத்திரிகள்ட்ட கணக்கு கேளுங்க. அதே மாதிரி வயித்துல இறந்து போன ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னாடி எடுத்த ஸ்கேன்ல என்ன இருந்துச்சுனு கேளுங்க, எங்க பெரியம்மா மருமகளோடத முதல்ல எடுங்க, அவ ரிப்போர்ட் எல்லாம் பத்திரமா வச்சிருக்கா, குடுக்கத் தயாரா இருக்கா. அரசு ஆஸ்பத்திரில நோய்ப்பட்ட பச்சக் குழந்தைக்கு சிகிச்சையும் வண்டியும் இலவசம்னு 2011ல இருந்தே ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இருக்கு, அது ஒவ்வொரு தனியார் ஆஸ்பத்திரி வாசல்லயும் தமிழ்ல பெரிய எழுத்துல எழுதி இருக்கணும், பத்தாயிரம்னு கேட்டு பயந்து போற குடும்பங்க அத படிக்கட்டும்.

என் புகார் மேல என்ன நடவடிக்கைனு 30 நாளைக்குள்ள எனக்கு எழுத்துல பதில் அனுப்புங்க. ஆஸ்பத்திரி குடுத்த அந்த நாலு வரி லெட்டரும், டாப்ளர் பார்க்கச் சொன்ன ரிப்போர்ட்டும், டிஸ்சார்ஜ் சீட்டும் ரிஜிஸ்டர் போஸ்ட்ல உங்க ஆபீசுக்கு அனுப்பியிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு பெண் குழந்தையோட அம்மா,
திண்டுக்கல் மாவட்டம்